பழைய இத்தாலிய 'எஸ்டேட்' கார்: வாங்கும் விலை வேறு, ஓட வைக்கும் விலை வேறு

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம்மவர்களிடம் 'எஸ்டேட் கார்' என்று சொன்னால், துரையின் காரா, கிராணியாரின் காரா என்றுதான் கேட்பார்கள். கார் உலகில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. கூரை கடைசி வரை நீண்டு, பின்னால் மேல்நோக்கித் திறக்கும் கதவு கொண்ட காரைத்தான் ஆங்கிலேயர்கள் அப்படி அழைத்தார்கள். ரயில் நிலையத்திலிருந்து நாட்டுப்புறப் பண்ணை வீடுகளுக்கு ஆட்களையும் பெட்டிகளையும் ஏற்றிச் சென்ற வண்டி என்பதால் வந்த பெயர் அது. நம் நாட்டில் எல்லோரும் அதை 'வேகன்' என்கிறோம்.

இத்தாலியர்களும் ஏறக்குறைய அதே வழியில்தான் போயிருக்கிறார்கள். 1960-இல் பியட் நிறுவனம் தன் சின்னஞ்சிறு 500 காரின் வேகன் வகைக்கு 'ஜார்டினியேரா' என்று பெயரிட்டது. இத்தாலிய மொழியில் 'ஜார்டினோ' என்றால் தோட்டம். அந்தச் சொல்லிலிருந்து பிறந்த பெயர்தான் அது. பெயரளவில் பார்த்தால் இது நமக்குச் சொந்தக்கார வண்டி!

ஆனால், பெயரைப் பார்த்து வண்டி வாங்க முடியாது. பழைய கார் விளம்பரங்களில் அவ்வப்போது கண்ணில் படும் ஆல்ஃபா ரோமியோ 156 ஸ்போர்ட்வேகன் போன்ற வண்டிகள் நம் இளைஞர்கள் பலரின் மனத்தைக் கலைத்துவிடுகின்றன. அழகான முகம், தோல் இருக்கை, ஒரு காலத்தில் பணக்காரர் மட்டுமே வாங்கிய பெயர். விலையோ சில சமயம் ஒரு பழைய மைவியைவிடக் குறைவு. "இந்த விலைக்கு இப்படி ஒரு காரா?" என்று கை பரபரக்கும்.

அந்தக் கை காசை எடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே பார்ப்போம். இது வேண்டாம் என்று தடுக்கும் கட்டுரை அல்ல. தெரிந்து வாங்கினால் இது இனிமையான பொழுதுபோக்கு. தெரியாமல் வாங்கினால் வீட்டுச் சேமிப்பையே தின்றுவிடும்.

ஏன் இவ்வளவு மலிவு?

ஒரு கார் நீண்ட நாள் வாழ்வது அது எந்த நாட்டில் பிறந்தது என்பதை மட்டும் பொறுத்ததல்ல. அதற்குப் பாகம் விற்கும் கடையும், அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகளும் அருகில் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்குப் போய்வந்த பெரியவர்களுக்குப் பியட் புதிதல்ல. அங்கே தெருவெல்லாம் ஓடிய 'பிரீமியர் பத்மினி', பியட் 1100 காரை அடிப்படையாகக் கொண்டு பம்பாயில் தயாரானது. 2000-ஆம் ஆண்டையொட்டித்தான் அதன் உற்பத்தி நின்றது. இத்தாலிய வடிவம்தான் என்றாலும், அதற்குப் பாகம் கிடைக்காத ஊர் இல்லை. அதைத் திறக்கத் தெரியாத சாலையோர மெக்கானிக்கும் இல்லை. அதனால்தான் அது தலைமுறைகளைத் தாண்டி ஓடியது.

நம் நாட்டிலும் 1960-களின் பிற்பகுதியில் ஜொகூர், தம்போயில் பியட் கார்களைப் பொருத்தும் ஆலை இருந்தது. பிறகு காற்று ஜப்பான் பக்கம் திரும்பியது. இன்று நம் அலோர் காஜா, பெகோவில் 2003 முதல் ஹோண்டா ஆலை இயங்குகிறது. ஜப்பானியக் காருக்கும் புரோட்டோன், பெரோடுவா கார்களுக்கும் எந்தச் சிற்றூரிலும் பாகம் கிடைக்கும். ஆல்ஃபாவுக்குக் கிடைக்காது. அதைத் தொடத் தயங்கும் பட்டறைகளே அதிகம். பயப்படும் சந்தையில் விலை இறங்கும். அந்த மலிவு விலை உங்களுக்குக் கிடைத்த பரிசு என்று நினைக்காதீர்கள். முந்திய உரிமையாளர் செய்யாமல் விட்ட வேலைகளுக்கான தள்ளுபடி என்று நினையுங்கள்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம்

ஆல்ஃபா 156 முதலில் 1997-இல் வெளிவந்தது. 1998-க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருதைப் பெற்றது. ஸ்போர்ட்வேகன் 2000-ஆம் ஆண்டில் வந்தது. முக்கோண முகப்பு நடுவில் இருப்பதால் எண் பட்டை ஓரமாக ஒதுங்கியிருக்கும். பின்கதவுப் பிடியைச் சன்னல் ஓரத்தில் மறைத்து வைத்திருப்பார்கள்.

ஒரு வேடிக்கை உண்டு. வேகன் என்றால் சாமான் நிறைய ஏற்றலாம் என்று நினைப்போம். இந்த ஸ்போர்ட்வேகனின் பின்புற இடம் 360 லிட்டர். சாதாரண 156 செடானில் 378 லிட்டர்! அழகுக்காகச் சரிந்த கூரை இடத்தைச் சாப்பிட்டுவிட்டது. பின்னிருக்கையை மடித்தால்தான் இடம் கிடைக்கும். ஆக, திருமண வீட்டுக்குப் பாத்திரம் ஏற்ற வண்டி தேடுகிறவர்கள் வேறு இடம் பார்க்கலாம். இது ஓட்டி மகிழ்வதற்கான வண்டி.

பரவலாகக் காணப்படும் எஞ்சின் 2.0 'ட்வின் ஸ்பார்க்', 1970 சிசி. ஒரு சிலிண்டருக்கு இரண்டு வீதம் மொத்தம் எட்டு ஸ்பார்க் பிளக். எட்டையும் மாற்றும்போது பணப்பைக்கு அது தெரியும். 2.5 லிட்டர் வி6 எஞ்சினும் உண்டு. அதன் ஓசைக்கு மயங்காத ரசிகர் இல்லை. ஆனால் சாலை வரியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சாலைப் போக்குவரத்து இலாகா வேகனையும் செடான் வகையிலேயே சேர்க்கிறது. தீபகற்ப மலேசியாவில் தனியார் பெயரில் உள்ள 1970 சிசி வண்டிக்கு அடிப்படை 280 வெள்ளி. 1800-க்கு மேல் உள்ள 170 சிசி-க்கு 50 காசு வீதம் 85 வெள்ளி. ஆக 365 வெள்ளி. 2492 சிசி வி6-க்கு 872 வெள்ளி. ஆண்டுதோறும் கட்ட வேண்டிய தொகை இது.

பார்க்கப் போகும்போது

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பாருங்கள். "நீங்கள் வருவீர்கள் என்று சூடாக்கி வைத்தேன்" என்று விற்பவர் சொன்னால், இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினை முடுக்கும்போது டீசல் வண்டி போல் கடகடவென்று சில நொடி சத்தம் வந்தால், 'வேரியேட்டர்' என்ற பாகம் தேய்ந்திருக்கிறது என்று பொருள். வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றுவது அதன் வேலை.

அடுத்த கேள்விதான் மிக முக்கியம்: டைமிங் பெல்ட் எப்போது மாற்றினீர்கள்? ரசீது எங்கே? இந்த எஞ்சினில் அந்த ரப்பர் பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும். எஞ்சின் அத்தோடு முடிந்தது. தொடக்கத்தில் 120,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்று சொல்லப்பட்டது. அனுபவம் கற்றுத்தந்த பாடத்தால் பிறகு அது 60,000 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. ஓடாமல் நின்ற வண்டியிலும் ரப்பர் முதுமையடையும். எனவே, "குறைவாகத்தான் ஓடியிருக்கிறது" என்பது பதில் ஆகாது. ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பாருங்கள். ட்வின் ஸ்பார்க் எஞ்சின் கொஞ்சம் எண்ணெய் குடிக்கும் இயல்புடையது. அதைக் கவனிக்காமல் ஓட்டியவர்களின் வண்டியில் உள்ளே பேரிங் தேய்ந்திருக்கலாம். குச்சியின் நுனியில்கூட எண்ணெய் இல்லையென்றால், அந்த வண்டியை எப்படி வைத்திருந்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

குனிந்து கீழேயும் பாருங்கள். இந்தக் காரின் எஞ்சின் எண்ணெய்த் தொட்டி தாழ்வாகத் தொங்கும். தாமான் சாலைகளின் வேகத்தடையிலும் தோட்டத்துச் செம்மண் பாதையின் கல்லிலும் அது இடித்தால் விரிசல் விடும். அடிபட்ட தழும்பும் எண்ணெய்க் கசிவும் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

பிறகு ஏர்கோனைப் போட்டு, வண்டியை நின்ற இடத்திலேயே இருபது நிமிடம் ஓட விடுங்கள். நடுப்பகல் வெயிலில் மலாக்கா நகர நெரிசலில் நிற்பதற்கு இது ஒத்திகை. ரேடியேட்டர் விசிறி சுழல வேண்டும். வெப்பமானி முள் 90-ஐ ஒட்டி நிலையாக நிற்க வேண்டும். மேலே ஏறினால் குளிர்விக்கும் அமைப்பில் கோளாறு. ஓட்டும்போது கீழேயே கிடந்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கிக்கொண்டது என்று பொருள். இந்தக் காரில் அது அடிக்கடி வரும் குறைதான். பெரிய செலவு இல்லை.

முன்சக்கரப் பக்கம் கிறீச்சென்று சத்தம் வந்தால் சஸ்பென்ஷன் கைகள் தேய்ந்திருக்கின்றன. இதுவும் பரவலான குறை, செய்யக்கூடிய வேலை. விலை பேசும்போது சொல்லிக் குறைத்துக்கொள்ளலாம்.

கியர் பெட்டி 'செலஸ்பீட்' வகையா என்று கேளுங்கள். கிளச் மிதி இருக்காது. சாதாரண மேனுவல் கியர் பெட்டியை எண்ணெய் அழுத்தமும் கணினியும் சேர்ந்து மாற்றும். முதன்முறையாக இந்த வகைக் காருக்கு வருகிறவர்கள் மேனுவல் கியர் வண்டியையே தேடுங்கள். செலஸ்பீட் பம்பு பழுதானால் அதைப் புரிந்துகொள்ளும் ஆளைத் தேடுவதே ஒரு வேலை.

சாவி எத்தனை இருக்கிறது, சாவியோடு கொடுத்த 'கோட் கார்டு' இருக்கிறதா என்றும் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் புதுச் சாவி செய்வது பெரும்பாடு.

கெரான், சம்மன், காப்புறுதி

வண்டி நன்றாக இருந்தாலும் தாள் சரியில்லை என்றால் அது வெறும் இரும்புதான். விற்பவரின் பெயரும் கெரானில் உள்ள பெயரும் ஒன்றா? அடிச்சட்ட எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறித்துள்ளபடி இருக்கின்றனவா? எஞ்சினை மாற்றிவிட்டுப் பதிவு செய்யாத வண்டிகள் உண்டு. உரிமை மாற்றத்துக்கு முந்திய 'பி5' சோதனையில் அது சிக்கிக்கொள்ளும். அப்போது தலைவலி உங்களுடையது.

தனியார் வண்டிகளுக்கு 2023 முதல் சாலை வரித் தாளைக் கண்ணாடியில் ஒட்ட வேண்டியதில்லை. ஆகவே கண்ணாடியைப் பார்த்து ஏமாறாமல், மைஜேபிஜே செயலியில் காட்டச் சொல்லுங்கள். பழைய சம்மன், கறுப்புப் பட்டியல், தீராத வங்கிக் கடன் ஆகியவற்றைச் சரிபாருங்கள். பல ஆண்டுகள் சாலை வரி புதுப்பிக்கப்படாமல் கொட்டகையில் கிடந்த வண்டி என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஜேபிஜே அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். உரிமை மாற்றம் முடியும் வரை முழுத் தொகையையும் கொடுக்காதீர்கள்.

இவ்வளவு பழைய வண்டிக்கு முழுக் காப்புறுதி கிடைப்பது எளிதல்ல. மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டுமே கிடைத்தால், வண்டி திருட்டுப் போனாலோ எரிந்தாலோ உங்களுக்கு ஒரு காசும் வராது. வாங்குவதற்கு முன்பே உங்கள் காப்புறுதி முகவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எதை முதலில் செய்வது?

நம் இளைஞர்கள் பலர் இங்கேதான் தலைகீழாகப் போகிறார்கள். முதல் மாதமே புது ரிம், புதுச் சாயம், ஸ்பீக்கர். மூன்றாம் மாதம் இழுவை வண்டியில் வீட்டுக்கு வருகிறது கார். சரியான வரிசை இதுதான்.

முதலில், எஞ்சினைக் காப்பாற்றும் வேலை. டைமிங் பெல்ட், அதன் உருளைகள், தண்ணீர்ப் பம்பு ஆகியவற்றை ஒரே நேரத்தில் மாற்றுங்கள். 2.0 எஞ்சினில் பேலன்ஸ் ஷாஃப்டுக்கென்று தனியாக இன்னொரு பெல்ட் உண்டு; அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேரியேட்டர் சத்தமிட்டால் அதற்கும் இதுவே நேரம். கேம் ஷாஃப்டுகளை அசையாமல் பூட்டும் தனிக் கருவி இந்த வேலைக்குத் தேவை. "அதெல்லாம் வேண்டாம், குறி போட்டுச் செய்துவிடலாம்" என்று சொல்லும் பட்டறையில் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, திரவங்கள். எஞ்சின் எண்ணெய், கியர் எண்ணெய், குளிர்விக்கும் நீர், பிரேக் எண்ணெய் அனைத்தையும் மாற்றுங்கள். நீண்ட நாள் நின்ற வண்டியில் பழைய பெட்ரோலையும் வடித்துவிடுங்கள்.

மூன்றாவது, பிரேக்கும் டயரும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2219 என்றால் 2019-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரம் தயாரானது என்று பொருள். பூ தேயாமல் இருந்தாலும் வயதான டயர் மழை நாளில் உங்களைக் கைவிடும்.

நான்காவது சஸ்பென்ஷன். ஐந்தாவது மின்சாரக் கோளாறுகள். சாயமும் ரிம்மும் கடைசி.

பாகம் எங்கே கிடைக்கும்?

ஆல்ஃபா ரோமியோ எல்லாவற்றையும் தானே செய்வதில்லை. மின்னணுப் பாகங்களில் போஷ், மேக்னெட்டி மரெல்லி போன்ற பெயர்களைப் பார்க்கலாம். பழைய பாகத்தைக் கழற்றி, அதில் பொறித்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணைக் கொண்டு தேடினால் அதே பாகம் ஆல்ஃபா பெயர் இல்லாத பெட்டியில் குறைந்த விலைக்குக் கிடைக்கக்கூடும். பியட் குழுமத்தின் மற்ற கார்களோடு பொதுவான பாகங்களும் உண்டு.

வெளிநாட்டிலிருந்து இணையம் வழி வரவழைத்தால், 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அனுப்பும் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பாகம் வந்து சேரும் வரை வண்டி நிற்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒரு பழைய மடிக்கணினி, பொருத்தமான கேபிள், 'மல்ட்டி ஈசியூ ஸ்கேன்' என்ற மென்பொருள் இருந்தால், எந்த சென்சார் பழுது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். ஊகத்தில் நான்கு பாகம் மாற்றும் செலவை இது மிச்சப்படுத்தும். பட்டறையில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு இது நல்ல பயிற்சியும்கூட. இப்படிக் கைவேலை கற்றுத் தேர்ந்தவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வகுப்பில் உட்காராமலே, செய்த வேலையின் சான்றுகளைக் காட்டி மலேசியத் திறன் சான்றிதழான எஸ்கேஎம் பெறும் வழி உண்டு. பிபிடி என்ற திட்டத்தைப் பற்றித் திறன் மேம்பாட்டு இலாகாவில் கேளுங்கள்.

வீட்டுக் கணக்கு

'யானையைக் கட்டித் தீனி போட முடியுமா' என்பார்கள். இங்கே யானை மலிவு, தீனிதான் விலை. எனவே ஓர் எளிய விதியை வைத்துக்கொள்ளுங்கள். இதற்கென்று கையில் 12,000 வெள்ளி இருந்தால், வண்டிக்கு 6,000-க்கு மேல் கொடுக்காதீர்கள். மற்றப் பாதி முதல் ஆண்டுக்கானது. அதைத் தொடாமல் தனியாக வையுங்கள். இரண்டு பாதியும் கையில் இல்லையென்றால் இன்னும் வாங்கும் நேரம் வரவில்லை.

இத்தனை ஆண்டு பழைய வண்டிக்கு வங்கிகள் பெரும்பாலும் தவணைக் கடன் தருவதில்லை. அந்த இடத்தில்தான் ஆபத்து நுழைகிறது. தனிநபர் கடன், கடன் அட்டை, கடைசியில் ஆலோங். ஒரு பொழுதுபோக்குக்காக வட்டி முதலையின் வாசலில் நிற்பதைவிட, அந்தக் காரைப் படத்தில் பார்த்துக்கொண்டே இருந்துவிடலாம்.

வீட்டில் இருக்கும் ஒரே வண்டியாக இது இருக்கக் கூடாது என்பது இரண்டாவது விதி. பாகம் வரும்வரை மூன்று வாரம் நின்றால் பிள்ளையைப் பள்ளிக்கு யார் கொண்டுபோவது? ஜாசினிலோ மெர்லிமாவிலோ இருக்கும் அம்மாவை மலாக்கா மருத்துவமனைக்கு எந்த வண்டியில் அழைத்துப் போவது? அந்த மைவியை விற்றுவிட்டு இதை வாங்காதீர்கள். மைவி அங்கேயே நிற்கட்டும்.

மூன்றாவது விதி, வீட்டில் மறைக்காதீர்கள். எவ்வளவு செலவாகும் என்று மனைவியிடமோ பெற்றோரிடமோ முன்கூட்டியே சொல்லி வாங்கிய வண்டிதான் வீட்டில் நிம்மதியாக நிற்கும்.

இத்தனையையும் யோசித்த பிறகும் ஆசை குறையவில்லையா? அப்படியானால் தாராளமாக இறங்குங்கள். ஒழுங்காகச் செய்து முடித்த ஆல்ஃபாவின் ஸ்டீயரிங் கையில் பேசும். அலோர் காஜாவிலிருந்து மஸ்ஜித் தானா போகும் வளைவுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை ஓட்டினால், பட்ட பாடு மறந்து போகும். ரப்பர் ஆலை இயந்திரத்தையும் லாரியையும் கிடைத்த பாகத்தை வைத்து ஓட வைத்த அப்பா, தாத்தா வீட்டில் இருந்தால், அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். கைநூல் சொல்லாத சத்தத்தை அவர் காது சொல்லும்.

வண்டி வீட்டுக்கு வரும் முதல் நாளே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தோட்டத்துச் செக்ரோல் போல தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, கொடுத்த வெள்ளி எல்லாவற்றையும் எழுதி, ரசீதையும் ஒட்டி வையுங்கள். செலவு எங்கே போகிறது என்பதை அது உங்களுக்குக் காட்டும். நாளை நீங்கள் விற்கும்போது, "டைமிங் பெல்ட் எப்போது மாற்றினீர்கள்?" என்று வாங்க வருபவர் கேட்பார். அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள்.